டாரீனின் ஒயினும் சங்கத்தின் கட்டைவிரலும்

மனித குல வரலாற்றை அறிஞர்கள் கற்காலம், இரும்புக் காலம் என்று பலவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் மானிடோபா மாகாணத்திலுள்ள பெர்ச் லேக் ஊருக்கு வந்து பார்த்ததில்லை. ஆகையால் மன்னித்துவிடலாம். வந்திருந்தால் வரலாற்றில் இரண்டே காலம்தான் என்று அவர்களுக்கு விளங்கியிருக்கும்: வீட்டு ஒயினிலிருந்து வாயுவை வெளியேற்ற ஒரு சங்கம் இல்லாத இருண்ட காலம், சங்கம் ஏற்பட்ட பிறகு வந்த பொற்காலம்.

இருண்ட காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? பழத்தை நசுக்கினார்கள், ஈஸ்ட் போட்டார்கள், குடுவையில் நுரைத்து அடங்கும்வரை விட்டார்கள். நுரைத்து முடிந்த ஒயினுக்குள் கரியமில வாயு கொஞ்சம் பதுங்கிக்கொண்டிருக்கும். குடித்தால் நாக்கில் சுருக்கென்று கடிக்கும். அதற்கு அந்த அப்பாவிகள் கண்டுபிடித்திருந்த ஒரே வைத்தியம் 'சும்மா விடுவது'. ஐந்தாறு மாதம் சும்மா விட்டால் வாயு தானாகப் போய்விடும். இதில் ஒரு கூட்டம் உண்டா, தீர்மானம் உண்டா? ஒருவருக்காவது ஒரு பதவி கிடைக்குமா? எதுவும் கிடையாது. இப்படியும் ஒரு ஊர் இருந்தது.

பிறகு விடிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் சமூகக் கூடத்தில் நடந்த இலையுதிர்கால விருந்தில், யாரோ அவசரக் குடுக்கை வாயு போகாத ஒயினை பாட்டிலில் அடைத்து அடுப்புப் பக்கம் வைத்துவிட்டார். கார்க் பிய்த்துக்கொண்டு பறந்தது. சுவரில் தொங்கிய 1974ஆம் வருட ஐஸ் ஹாக்கி அணியின் படத்தில் கோல்கீப்பரின் முகத்தில் பட்டுக் கண்ணாடி உடைந்தது. அந்தக் கோல்கீப்பர் விளையாடிய காலத்திலும் எதையும் தடுத்தவர் இல்லை என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஆனால் பொறுப்புள்ளவர்கள் சிரிக்கவில்லை. 'பெர்ச் லேக் வீட்டு ஒயின்காரர் சங்கம்' உதயமாயிற்று. சங்கத்தின் சான்றிதழ் இல்லாமல் எந்த வீட்டு ஒயினையும் கூடத்துக்குள் திறக்கக் கூடாது என்று கூடத்தின் நிர்வாகமும் விதி செய்தது.

தலைவராக ஆல்வின் கிராப்ட்ரீ தேர்ந்தெடுக்கப்பட்டார். ரயில்வேயில் காணாமல் போன பெட்டிகளின் பிரிவில் முப்பத்தோரு வருடம் உழைத்தவர். அந்த முப்பத்தோரு வருடத்தில் ஒரு பெட்டியும் கிடைத்ததில்லை. ஒரு கடிதத்துக்கும் அவர் பதில் எழுதாமல் விட்டதும் இல்லை. இப்படிப்பட்ட நிர்வாகி ஒரு சங்கத்துக்குக் கிடைப்பது பூர்வ புண்ணியம்.

சங்கத்தின் மகத்தான சாதனை கட்டைவிரல் சோதனை. பாட்டிலில் பாதி ஒயின், பாட்டில் வாயில் கட்டைவிரல், பலமாக ஒரு குலுக்கல், பிறகு விரலை எடுக்க வேண்டும். 'ப்ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் வாயு இருக்கிறது. வராவிட்டால் இல்லை. ஊரில் இருநூறு கட்டைவிரல்களாவது இருக்கும். அவற்றுள் ஆல்வினின் வலது கட்டைவிரல் ஒன்றுதான் 'அங்கீகரிக்கப்பட்டது'. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவரும் கை தூக்கினார், அதே கையை.

டாரீன் ஹலுஷ்காவுக்கு இந்த மகத்துவம் எல்லாம் ஆரம்பத்தில் உறைக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். இருபத்தாறு வருடமாகத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டி, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் தொப்பியை எடுத்து எங்கே ஒளித்தது என்பதைத் திரும்பாமலே சொல்லிவிடுவாள். சங்க விவகாரங்களுக்கு அவள் போனதில்லை. போக வேண்டிய வேளை அந்த ஜனவரியில் வந்தது.

அவள் மகள் கிறிஸ்டாவுக்கு மார்ச் பதினான்காம் தேதி கல்யாணம். கூடத்தில் விருந்து, நூற்றிருபது பேர்.

"கடை ஒயின் வேணாம்மா," என்று கிறிஸ்டா சொல்லியிருந்தாள். "எங்களை வாழ்த்திக் கோப்பை தூக்கறதுக்கு நாம பறிச்சோமே, அந்த சஸ்கட்டூன்தான் வேணும்."

சஸ்கட்டூன் என்பது ஏரிக்கரைப் புதர்களில் காய்க்கும் கருநீலப் பழம். அதைப் பறிப்பதற்கு முந்தின ஒன்றரை வருடம் தாயும் மகளும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். படிப்பைப் பாதியில் விட்டதை கிறிஸ்டா சொல்லவில்லை, அதை டாரீன் மன்னிக்கவில்லை. போன ஜூலையில் மூன்று நாள் இருவரும் வாளியோடு புதருக்குள் நின்றார்கள். முதல் நாள் கொசுவைத் திட்டினார்கள். இரண்டாம் நாள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அழுதார்கள். அந்தப் பழத்தில் போட்ட இருபத்துமூன்று லிட்டர் ஒயின்தான் வீட்டின் அடித்தள அறையில் இருந்தது. அதை மகள் கையில் கொடுக்காவிட்டால் டாரீனுக்கு மனசு ஆறாது.

நூற்றிருபது பேருக்கு ஆளுக்கொரு சின்னக் கோப்பை என்றாலும் பன்னிரண்டு லிட்டர் வேண்டும். இருபத்துமூன்று இருக்கிறது. கவலைப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தாள். சங்கத்தை அறியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு ஒரு பாட்டில் மாதிரியோடு போய் நின்றாள். மேஜைக்குப் பின்னால் செயற்குழு ஐவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆல்வின். வலது பக்கம் செயலாளர் ஃபில்லிஸ், பேனாவோடு. இடது பக்கம் 'தொழில்நுட்ப உறுப்பினர்' கெல்வின் தீசன். ஓரங்களில் கை தூக்குவதற்காக இரண்டு பேர்.

"ஒரு பாட்டில்தானா?" என்றார் ஆல்வின். "விதி நாலுபடி மூணு வேணும். மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம்."

"எல்லாம் ஒரே குடுவைதானே தலைவரே? மேல இருக்கிற வாயுவுக்கும் கீழ இருக்கிற வாயுவுக்கும் ஏதாவது தகராறா?"

"வாயுவோட குடும்ப விவகாரத்துல சங்கம் தலையிடறதில்ல. மூணு பாட்டில். கழுத்துவரைக்கும் நிறைஞ்சிருக்கணும்."

டாரீன் வீட்டுக்குப் போய் மூன்று பாட்டில்களோடு திரும்பினாள்.

இங்கேதான் சங்கத்தின் விஞ்ஞான நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மாதிரி பாட்டில் நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி நான்கு. பாதி காலியாக இருந்தால்தான் குலுக்க முடியும் என்பது விதி ஐந்து. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு அரை பாட்டில் ஒயின் அநாதையாக நிற்கிறது. அதற்குப் புகலிடம் கொடுக்க வேண்டியது செயற்குழுவின் கடமை. இந்தக் கடமைக்குக் குறிப்பேட்டில் 'குறைத்தல்' என்று பெயர். ஐந்து கோப்பைகள் மேஜைக்கடியிலிருந்து வந்தன.

ஆல்வின் ஒரு வாய் 'குறைத்தார்'. கண்ணை மூடினார். இன்னொரு வாய் குறைத்தார்.

"ஃபில்லிஸ், பாதிக்கு வந்துடுச்சா?"

ஃபில்லிஸ் பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். "ஒரு அரை இஞ்ச் மேல இருக்கு தலைவரே."

"துல்லியம் முக்கியம்," என்று கெல்வின் கோப்பையை நீட்டினார்.

துல்லியம் கைகூடிய பிறகு ஆல்வின் கட்டைவிரலை வெதுவெதுப்பான நீரில் கழுவி, வெள்ளைத் துண்டில் துடைத்து, பாட்டிலின் வாயில் பொருத்தினார். குலுக்கினார். கட்டைவிரலைப் பட்டென்று எடுத்தார்.

ப்ஸ்ஸ்.

"வாயு இருக்கு," என்றார், தீர்ப்புச் சொல்லும் குரலில்.

"எவ்ளோ இருக்கு?" என்றாள் டாரீன்.

"போதுமான அளவு."

மற்ற இரண்டு பாட்டில்களுக்கும் அதே கதிதான். டாரீன் மிச்சத்தை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனாள். ஃபில்லிஸ் பேனாவால் தடுத்தாள்.

"விதி ஒம்பது. தேறாத ஒயினைத் திரும்ப எடுத்துட்டுப் போகக் கூடாது. வாயு உள்ள சரக்கு. வழியில குண்டு குழியில வண்டி குலுங்கி வெடிச்சுதுன்னா யார் பொறுப்பு?"

"வரும்போது அதே ரோட்டுலதானே வந்தேன்?"

"வரும்போது வாயு இருக்குன்னு சங்கத்துக்குத் தெரியாதே."

எனவே அபாயகரமான சரக்கு அங்கேயே 'அழிக்கப்பட்டது'. அந்த அபாயமான பணியை ஐவரும் உயிரைத் துச்சமாக மதித்துச் செய்தார்கள். கடைசிச் சொட்டு அழிந்தபோது ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்லப் பாட ஆரம்பித்தார். குறிப்பேட்டில் பாட்டுப் பற்றி எதுவும் இல்லை.

சங்கம் தேறாதவர்களைக் கைவிடுகிற சங்கம் அல்ல. சனிக்கிழமை காலை ஆல்வின், ஃபில்லிஸ், கெல்வின் மூவரும் அடங்கிய 'உதவிக் குழு' டாரீன் வீட்டு வாசலில் பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டு நின்றது. கெல்வின் கையில் டிரில் மிஷின். அதன் முனையில் பிளாஸ்டிக் துடுப்பு. குடுவைக்குள் விட்டுச் சுழற்றினால் வாயு வெளியேறும். கெல்வின் போன வருடம்தான் அதை வாங்கினார். அதற்கு முன் அவர் எப்படி வாழ்ந்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

டாரீனின் கணவன் மைரன் வீடுகளுக்குச் சூடேற்றும் ஃபர்னஸ் பழுதுபார்ப்பவன். அடித்தளப் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"இங்க பதிமூணு டிகிரிதான் இருக்கு," என்றான். "குளிர்ல இருக்கிற ஒயின் வாயுவை விடாதுங்க. குடுவையை மேல தூக்கிட்டுப் போய் கதகதப்பா ஒரு வாரம் வெச்சு, தினம் ரெண்டு தடவை கரண்டிக் காம்பால மெதுவா கலக்கினா போதும்."

ஆல்வின் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சங்க உறுப்பினரா?"

"இல்ல. இந்த வீட்டுக்காரன்."

"அப்போ பார்வையாளர். பார்வையாளருக்குக் கருத்து கிடையாது."

மைரன் காபிக்குத் திரும்பினான்.

கெல்வின் டிரில்லை மெதுவாக ஓட்டினார். நாலு குமிழி வந்தது. இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினார். ஐந்து குமிழி.

"மெதுவாத்தான் ஆரம்பிக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கு," என்றார் கெல்வின். "ஆனா அதை எழுதினவன்கிட்ட இந்த மாடல் இருந்திருக்காது."

"முழு வேகம் வைங்க," என்றார் ஆல்வின். "கூடவே அந்தத் தெளிய வைக்கிற பொடியையும் போட்டுடுங்க. ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்."

"பொடி போடாதீங்க!" என்று மைரன் எழுந்தான். "வாயு உள்ள ஒயின்ல பொடி போட்டா..."

"பார்வையாளர் உட்காரலாம்."

பொடி விழுந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குடுவை ஒரு முறை உறுமியது. கழுத்து வழியாக ஊதா நுரை தூணாக எழும்பி, கூரைப் பலகையில் மோதி, குடை விரிந்து, எல்லார் தலையிலும் இறங்கியது. பெரோகி என்னும் கொழுக்கட்டை நிறைந்த உறைபெட்டி மேல் ஒயின். மைரனின் மீன்பிடிக் கோட்டு மேல் ஒயின். ஆல்வினின் மூக்குக் கண்ணாடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒயின்.

டாரீன் ஓடிப்போய்க் குடுவையின் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். விரலிடுக்கில் பீறிட்டு அடித்தது. மகளோடு நின்று பறித்த பழம் கூரையிலிருந்து ஒழுகுவதைப் பார்த்து அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"வெற்றி!" என்றார் ஆல்வின், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "வாயு இருந்ததுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. எழுதிக்குங்க ஃபில்லிஸ்."

ஃபில்லிஸ் எழுதினாள்: 'செயல்விளக்கம் சிறப்பாக நடைபெற்றது. கூரையும் கலந்துகொண்டது.'

மூன்று லிட்டர் போயிருந்தது. அன்று மத்தியானமே மைரன் குடுவையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோய், சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். டாரீன் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை, கரண்டிக் காம்பால் மெதுவாகக் கலக்கினாள். குமிழிகள் தாமாக வந்தன, தாமாகப் போயின. யாரும் கை தட்டவில்லை.

பத்து நாளில் அவளே ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, தன் சொந்த, அங்கீகாரமற்ற கட்டைவிரலால் மூடிக் குலுக்கினாள். எடுத்தாள். சத்தமே இல்லை.

"மைரன், உன் விரலை வெச்சுப் பாரு."

மைரன் வைத்தான். சத்தம் இல்லை. "காத்தெல்லாம் போயிடுச்சு," என்றான். "போய் சான்றிதழ வாங்கிட்டு வா."

மறுபடி மூன்று பாட்டில்கள். அன்றைய கூட்டத்தில் ஃபில்லிஸின் ருபார்ப் ஒயினுக்கும் சோதனை இருந்தது. ருபார்ப் என்பது பல்லைக் கூச வைக்கிற ஒரு புளிப்புத் தண்டு. அதிலிருந்து நல்ல ஒயினும் எடுக்கலாம் என்கிறார்கள். ஃபில்லிஸ் எடுத்ததில்லை. ஆல்வின் உதட்டில் தொட்டார். கெல்வின் உதட்டுக்குக் கொண்டுபோய்த் தொடாமலே இறக்கினார்.

"குறைச்சது போதும்," என்றார் ஆல்வின். முக்கால் பாட்டிலுக்கு மேல் அப்படியே இருந்தது.

குலுக்கினார். சத்தமே இல்லை.

"தேர்ச்சி! முதல் சோதனையிலேயே! வாழ்த்துக்கள் ஃபில்லிஸ். உங்க மூணு பாட்டிலையும் அப்படியே எடுத்துட்டுப் போலாம்."

பிறகு டாரீனின் முறை. ஐந்து கோப்பைகளும் அவளுக்கு முன்பே தயாராக இருந்தன. அரை பாட்டிலுக்குக் குறைத்து, துல்லியத்துக்காக இன்னும் கொஞ்சம் குறைத்து, ஆல்வின் குலுக்கினார்.

ப்ஸ்ஸ்.

"இருக்கு," என்றார். "முன்னைக்கு இப்போ கொஞ்சம் அதிகமாவே இருக்கு."

"வீட்டுல வரலியே தலைவரே! நானும் பார்த்தேன், மைரனும் பார்த்தார்."

"எந்த விரலால?"

"எங்க விரலாலதான்."

ஆல்வின் இரக்கத்தோடு சிரித்தார். செயற்குழுவும் இரக்கத்தோடு சிரித்தது. மூன்று பாட்டில்களும் அழிக்கப்பட்டன. இந்த முறை இரண்டு பேர் பாடினார்கள்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது சோதனை. அதற்குள் வாயு என்பது அந்த ஒயினுக்கு வெறும் பழைய நினைவு. ஆனாலும் ப்ஸ்ஸ். ஆனால் இந்தத் தடவை டாரீன் ஒயினைப் பார்க்கவில்லை. பேருந்துக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பதுபோல விரலை மட்டும் பார்த்தாள். போன கூட்டத்தில் ஃபில்லிஸின் ருபார்ப்புக்கு அந்தக் கட்டைவிரல் ஒரு ஓரமாக, பூனை நடையாக, நைசாக நகர்ந்தது நினைவுக்கு வந்தது. அப்படி நகர்த்தினால் எந்தக் காற்றும் சத்தமில்லாமல் போய்விடும். இப்போது டாரீனுடையதற்கோ, ஆல்வின் சூடான உள்ளங்கைக்குள் பாட்டிலை இறுக்கிப் பிடித்து, விரலை அழுத்தி அமுக்கி, பட்டென்று பிடுங்கினார். அப்படிப் பிடுங்கினால் வெறும் பாட்டில்கூட ப்ஸ்ஸ் என்னும்.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் கெல்வின் அவள் பக்கம் வந்தார். ஒயின் உள்ளே போயிருந்ததால் மனிதருக்கு நேர்மை வந்திருந்தது.

"கவலைப்படாதீங்க டாரீன். உங்களது ரொம்ப நல்ல ஒயின். அதனாலதான் நேரமாகுது."

"நல்ல ஒயினா இருந்தா எதுக்கு நேரமாகணும்?"

"என் ராஸ்பெர்ரி ஏழு தடவை போச்சு. ஆறு லிட்டருக்கு வந்ததும் சட்டுனு தேறிடுச்சு. ஆறு லிட்டருக்கு வந்தா எல்லாமே தேறிடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ ரொம்ப மனசு ஒடிஞ்சுபோச்சு. அப்புறம்தான் புத்தி வந்து செயற்குழுவுல சேர்ந்தேன்."

டாரீன் வீட்டுக்கு வந்து குடுவையின் அடி மண்டியை ஒதுக்கி அளந்து பார்த்தாள். பன்னிரண்டேகால் லிட்டர். கல்யாணத்துக்குப் பத்து நாள். இன்னொரு சோதனைக்கு மூன்று பாட்டில் கொடுத்தால் பத்து லிட்டர்தான் மிஞ்சும், இருபது விருந்தினர் வெறுங்கோப்பையைத் தூக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சான்றிதழ் இல்லை.

"நேராப் போய் அந்த விரலை உடைச்சுட்டு வரட்டுமா?" என்றான் மைரன்.

"உடைச்சா சங்கம் அடுத்த விரலை அங்கீகரிக்கும்," என்றாள் டாரீன். குளிர்பெட்டியைத் திறந்து நின்று யோசித்தாள். கதவுத் தட்டில் வெள்ளரி ஊறுகாய் ஜாடி. வெள்ளரித் துண்டுகளைப் போன வாரமே மைரன் தின்று தீர்த்திருந்தான். பச்சை நிறத் தண்ணீர் மட்டும் பூண்டும் உப்பும் காடியுமாக முக்கால் ஜாடி நின்றது.

அவள் அதைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பார்த்தாள்.

"அதை எதுக்குடி பாக்கறே?" என்றான் மைரன்.

"துல்லியம் முக்கியம்," என்றாள் டாரீன்.

நான்காவது சோதனைக்கு மூன்று பாட்டில்கள் கழுத்துவரை நிறைந்து வந்தன. நிறத்துக்காக ஒவ்வொன்றிலும் அரைக் கோப்பை சஸ்கட்டூன் இருந்தது. மிச்சம் ஊறுகாய்த் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும். ஐந்து கோப்பைகள் ஆவலாக முன்னே வந்தன. இந்த முறை ஓரத்து உறுப்பினர் இருவரும் பெரிய கோப்பையாகவே கொண்டுவந்திருந்தார்கள்.

ஆல்வின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் தாராளமாகக் குறைத்தார்.

கண் திறந்தது. புருவம் ஏறியது. விழுங்குவதா துப்புவதா என்று முகம் ஒரு நீண்ட விவாதம் நடத்தியது. தலைவர் என்பவர் சபையில் துப்ப முடியாது. விழுங்கினார். ஃபில்லிஸ் கைக்குட்டையைத் தேடினாள். கெல்வின் தன் கோப்பையை மோந்து பார்த்து, அதை ஓரத்து உறுப்பினரிடம் அன்பாக நகர்த்தினார்.

"பாதிக்கு வரலியே தலைவரே," என்றாள் டாரீன். "இன்னும் குறைக்கணுமே."

"வேணாம் வேணாம்." ஆல்வினின் குரல் கரகரத்தது. "இவ்ளோ இருந்தாலே குலுக்கலாம். விஞ்ஞானம் அப்படி ஒண்ணும் பிடிவாதம் பிடிக்காது."

கட்டைவிரல் வைத்தார். குலுக்கினார். அந்த விரல் ஒரு ஓரமாக, மெல்ல, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல நகர்ந்தது.

சத்தமே இல்லை.

"வாயு இல்ல! துளிகூட இல்ல! ஆட்சேபம் உண்டா?"

"இல்ல!" என்றார்கள் நால்வரும், வழக்கத்தைவிட வேகமாக.

"சரக்கு திரும்ப எடுத்துட்டுப் போலாமா? இல்ல, அழிக்கணுமா?" என்றாள் டாரீன், வெகு பணிவாக.

"தேறின ஒயினைச் சங்கம் தொடாது! எடுத்துட்டுப் போங்க. இப்பவே எடுத்துட்டுப் போங்க."

சான்றிதழில் ஊதா மையில் ஆல்வினின் கட்டைவிரல் பதிந்தது. மற்ற ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் கைநாட்டு வைப்பார்கள். பெர்ச் லேக்கில் அது தலைமைப் பதவியின் அடையாளம்.

கல்யாணத்தன்று கூடம் நிறைந்திருந்தது. ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது. வாசலில் பூட்ஸ்கள் மலையாகக் குவிந்திருந்தன. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேஜை நடுவில் வைத்திருந்தாள் டாரீன். செயற்குழு ஐவருக்கும் ஒரே மேஜை. விஷயம் தெரிந்தவர்கள் என்பதால் அவர்கள் முன்னெச்சரிக்கையாக வந்திருந்தார்கள். ஃபில்லிஸ் கைப்பையில் ஒரு பாட்டில் ருபார்ப் வைத்திருந்தாள். அதுவே மேல் என்று நாலு பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கோப்பைகள் வந்தன. கிறிஸ்டா எழுந்து நின்றாள். நிறைய எழுதி வைத்திருந்தாள். ஆனால் ஒரு வாய் குடித்ததும் தாளை மடித்துவிட்டாள். "அம்மா," என்றாள். "அந்தக் கொசுவையெல்லாம் எப்படிம்மா இதுலேருந்து எடுத்தே?" தாயும் மகளும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், கொஞ்சம் அழுதார்கள். கூடமே கோப்பையை உயர்த்திக் குடித்தது. கோப்பையைப் பார்ப்பதும், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதும், மறுபடி கோப்பையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள் எல்லோரும்.

மணமக்களுக்காக உயர்த்திய கோப்பையைத் தொடாமல் வைத்தால் மரியாதை இல்லை. ஆல்வின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு நாக்கில் விட்டார். மூச்சை விட்டார். ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் காலி செய்தார். முகம் சிவந்தது. நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார்.

"நிறுத்துங்க! யாரும் குடிக்காதீங்க! இது மோசடி. இது நாங்க தேர்ச்சி கொடுத்த ஒயினே இல்ல!"

நூற்றிருபது தலைகள் திரும்பின.

"எப்படிச் சொல்றீங்க தலைவரே?" என்றாள் டாரீன். "கட்டைவிரல் வெச்சுப் பாக்கவே இல்லியே?"

"கட்டைவிரல் எதுக்குங்க? வாயில வெச்சாலே தெரியுதே!" ஆல்வின் காலிக் கோப்பையை ஊருக்கே காட்டினார். "இது நல்லா இருக்கு! இவ்ளோ நல்லா இருக்கிற ஒயினுக்கு நாங்க எந்தக் காலத்துல தேர்ச்சி கொடுத்திருக்கோம்?"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது.

கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்போ என் செர்ரி? பதினெட்டு லிட்டர் போட்டேன்."

"என் ஆப்பிள் ஒயின்? அஞ்சு தடவை கொண்டுவந்தேனே!"

"எங்க வீட்டுக் காட்டுத் திராட்சை?"

ஆல்வின் ஃபில்லிஸைப் பார்த்தார். ஃபில்லிஸ் பேனாவை மூடிப் பைக்குள், ருபார்ப்புக்குப் பக்கத்தில், போட்டுக்கொண்டாள். பெர்ச் லேக் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சிக்குக் குறிப்பு எழுதாமல் விட்டது அன்றுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிறப்புக் கூட்டம். ஊரே திரண்டு வந்தது. உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் நின்றார்கள். ஆல்வின் எழுந்து, உடல்நிலை காரணமாகத் தாமும் செயற்குழுவும் விலகுவதாக அறிவித்தார். பலத்த கைதட்டல். டாரீன் முன்வரிசையில் இருந்தாள். நியாயம் பிறந்துவிட்டது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. எழுந்து, இந்தச் சங்கத்தையும் அதன் சோதனையையும் இன்றோடு கலைத்துவிட வேண்டும், ஒயினைச் சும்மா விட்டால் போதும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள்.

வழிமொழிய ஒருவர் வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. செர்ரிக்காரர் தரையைப் பார்த்தார். ஆப்பிள்காரர் கூரையைப் பார்த்தார். டாரீன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தபோது ஒவ்வொருவர் கையிலும் மடித்த தாள் ஒன்று இருப்பதைக் கண்டாள். காலியான செயற்குழு இடங்கள் ஐந்துக்கு நாற்பத்தொரு மனுக்கள்.